கழற்றப் போகிறவனை நினைத்துப் பூட்டு!



பேரவை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் "நட்பு" என்றான். ஒருவன் "தாய்மை" என்றான். இன்னொருவன் "இளைஞனே எழுந்து வா" என்றான். நான் "முறிந்த போல்ட்" என்றேன். மலர்க் குழுவில் இருக்கும் நண்பன், "ஏண்டா, உனக்கு வேற தலைப்பே கெடைக்கலியா?" என்று கேட்டுச் சிரித்தான்.

எனக்குத் தெரிந்தது இதுதான். தெரியாத ஒன்றைப் பற்றி அடுக்குமொழியில் எழுதுவதைவிட, கை சுட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைப் பற்றி எழுதுவது மேல் என்று நினைக்கிறேன். படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா தறி ஓட்டுகிறார். அப்பா லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, இன்றைக்கும் அடுத்தவர் வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஊர் சங்ககிரிப் பக்கம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரிக்குப் பேர்போன ஊர்களுக்கு நடுவே பிறந்தவன், நடக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே டீசல் வாசனையைக் கற்றுக்கொண்டுவிடுவான். நானும் அப்படித்தான். அதனால் எனக்கு லாரி வேலை தெரியும் என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பை உடைத்தது ஒரு போல்ட்.

ஒரே ஒரு "டக்"

இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு லாரிப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். கைச்செலவுக்கும் ஆச்சு, தொழில் பழகினதுக்கும் ஆச்சு என்று கணக்கு. ஒருநாள் மத்தியானம் பழைய ஆறு சிலிண்டர் வண்டி ஒன்று வந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கேஸ்கட் போய், புகை கசிந்து, "டப் டப்" என்று சத்தம். வண்டிக்காரரே முதலாளி, அவரே டிரைவர். "மேஸ்திரி, விடியக்காலம் மொட்டு லோடுங்க. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போனார். மொட்டு என்றால் எங்கள் பக்கம் முட்டை. கேரளாவுக்குப் போகிற லோடு.

மேஸ்திரி பக்கத்து வண்டியில் கியர் பாக்ஸ் இறக்க வேண்டியிருந்தது. "கண்ணு, நீ அந்த மேனிஃபோல்டக் கழட்டு. டீசல் உட்டு ஊற வெச்சிருக்கறேன். மெதுவாப் பண்ணு. வரலீன்னா முக்காத, என்னையக் கூப்புடு" என்றார்.

மொத்தம் 12 நட்டு. 10 நட்டு சொன்ன பேச்சுக் கேட்டது. பதினோராவது அசையவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட வேண்டியதுதானே? கூப்பிடவில்லை. டிப்ளமோ படிக்கிறவன், ஒரு நட்டுக்குப் போய் ஆளைக் கூப்பிடுவதா என்று ரோஷம். மூலையில் கிடந்த பைப்பை எடுத்து ஸ்பேனரில் சொருகினேன். காலை சேஸிஸில் உதைத்துக்கொண்டு ஒரே இழுப்பு.

"டக்."

சட்டென்று இளகிவிட்டது. அப்பாடா, வந்துவிட்டது என்று ஒரு சந்தோஷம். இந்த வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தப் பொய்ச் சந்தோஷம் தெரிந்திருக்கும். நட்டு கையோடு வந்தது. நட்டுக்குள்ளேயே ஸ்டட்டும் வந்தது. மீதி, ஹெட்டுக்குள் முகமட்டத்துக்கு முறிந்து நின்றது.

அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்லை. முறிந்த துண்டை நட்டோடு சேர்த்து பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இன்னும் 11 இருக்கிறதே, ஒன்று இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும்? மாட்டும்போது கிரீஸை அப்பி நட்டை அந்த இடத்தில் ஒட்ட வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கால் மணி நேரம் இதைத்தான் யோசித்தேன். பன்னிரண்டாவதையும் கழற்றி, மேனிஃபோல்டை இறக்கி, நல்ல பிள்ளை மாதிரி கேஸ்கட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி வந்தார். அவர் ஆறாவதுகூடப் படிக்கவில்லை. ஆனால் கழற்றியதை எண்ணிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகமாட்டார். டிரேயில் விரலை விட்டு எண்ணினார். "பதினொண்ணுதான் இருக்குது. ஒண்ண எங்க கண்ணு?"

நான் பாக்கெட்டில் கையை விட்டேன்.

அறை விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அவர் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முறிந்த முகத்தை எனக்கும் காட்டினார். பாதி இடம் பளிச்சென்று புது இரும்பாக இருந்தது. மீதிப் பாதி கருந்துரு ஏறிக் கிடந்தது. "பாத்தியா, இந்தப் பக்கம் எப்பவோ கீறல் உட்டிருக்குது. நீ ஒடச்சது பாதிதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு வருசத்துக்கு முன்னால இந்த வண்டிக்கு ஹெட்டு எறக்குனது நான்தான். அன்னிக்கும் இதே மாதிரி அவசரம். மரையத் தொடைக்காம, ஒண்ணும் தடவாம, பைப்புப் போட்டு நெரிச்சு உட்டேன். ஒடச்சது நீ, ஒடைய வெச்சது நான். ஆனா ஒளிச்சு வெச்சது மட்டும் முழுசா உன்னோட தப்பு" என்றார்.

நண்பர்களே, இந்த மூன்று வாக்கியத்துக்குள் நான் சொல்ல வந்தது முழுக்க இருக்கிறது.

அன்று இரவு நடந்தது

மாலை 4 மணிக்கு ஆரம்பித்தோம். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஆர்க் வெல்டிங் வைக்கும்போது மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்தால் ஆல்டர்னேட்டரில் இருக்கும் டயோடுகள் போய்விடும். டீசல் பைப்புகளை ஈரச் சாக்கால் மூடினார். பக்கெட்டில் மணல் வைத்தார். எர்த் கிளாம்பை ஹெட்டிலேயே, ஸ்டட்டுக்குப் பக்கத்தில் கவ்வ வைத்தார். முகமட்டத்துக்கு முறிந்த ஸ்டட்டின் மேல் ஒரு வாசரை வைத்து, ஓட்டை வழியாக வெல்டிங்கை நிரப்பி வாசரை ஸ்டட்டோடு பிடிக்க வைத்தார். அதன் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து மறுபடி வெல்டிங். ஆற விட்டு ஸ்பேனர் போட்டார். வெல்டிங் பிய்த்துக்கொண்டு வந்தது.

இரண்டாவது நட்டும் அப்படியே பிய்ந்தது. எனக்கு அழுகை வராத குறை. வண்டிக்காரர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து போனில் யாரிடமோ, "அரை மணி நேரம் பொறுங்க, அரை மணி நேரம் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த லோடு வேறு வண்டிக்குப் போனது. மாதா மாதம் வண்டிக்கு டியூ கட்டுகிற ஆள் அவர். ஒரு லோடு போவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு டிரிப் இல்லாத வாரம் அடுப்பு எப்படி எரியும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல தம்பி, இரும்புதான, ஒடையறதுதான்" என்றார். அதுதான் இன்னும் குத்துகிறது.

மூன்றாவது நட்டு பிடித்தது. வெல்டிங் சூட்டில் ஸ்டட் சிவந்து, மெல்ல ஆறியது. சூடு இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தேய்த்தார். மெழுகு உருகி உள்ளே இழுபட்டது. நன்றாக ஆறிய பிறகு ஸ்பேனரைப் போட்டு, கழற்றும் பக்கம் இல்லை, பூட்டும் பக்கம் ஒரு மயிரிழை தள்ளினார். பிறகு கழற்றும் பக்கம். மறுபடி பூட்டும் பக்கம். கால் சுற்று வந்தால் அரைக்கால் சுற்று திரும்பப் போவது. கிரீச், கிரீச் என்று சத்தம். இரவு 9 மணிக்கு அந்தத் துண்டு முழுசாக வெளியே வந்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அதற்கு 5 மணி நேரம்!

கூலி வாங்கவில்லை மேஸ்திரி. "எந்தப்பும் இருக்குதுங்க" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டார். ஒரு பட்டறைக்காரர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டறை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஏன் முறிகிறது?

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நாம் படித்த பாடத்தில் இதற்குப் பதில் இருக்கிறதா? இருக்கிறது. நாம்தான் அதை மார்க்குக்குப் படித்தோம்.

கணக்கைப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரை 30 கிலோ விசையில் இழுத்தால் முறுக்குவிசை ஏறக்குறைய 44 நியூட்டன் மீட்டர். 8.8 தரம் உள்ள 10 மில்லிமீட்டர் போல்ட்டைப் பூட்ட வேண்டிய அளவே சுமார் 45 முதல் 50 வரைதான். ஆக, ஸ்பேனரின் நீளத்தை அளவோடு செய்தவன் முட்டாள் அல்ல. நம் கை கொடுக்கும் பலம் அந்தப் போல்ட்டுக்குப் போதும் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். நான் 60 சென்டிமீட்டர் பைப்பைச் சொருகி அதே 30 கிலோவில் இழுத்தால் 176 நியூட்டன் மீட்டர்! நான்கு மடங்கு. முறியாமல் என்ன செய்யும்?

போல்ட் தலையில் 8.8 என்று போட்டிருப்பதை நாம் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருக்கிறோம்? முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் 800 மெகாபாஸ்கல், அது அறுபடும் வலிமை. அதில் பத்தில் எட்டுப் பங்கு 640, அதைத் தாண்டினால் போல்ட் நீண்டு பழைய நிலைக்குத் திரும்பாது. 10.9 என்றால் 1000, 900. கடையில் "அதே சைஸ் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி மாட்டுகிறோம். சைஸ் ஒன்றாக இருக்கலாம், தரம் ஒன்றாக இருக்கிறதா?

அடுத்து உராய்வு. நாம் பூட்டும்போது கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, தலைக்கு அடியில் தேய்மானத்துக்கே போய்விடும். இன்னொரு 40 சதவீதம் மரைக்குள் தேய்ந்து போகும். மிச்சம் 10 சதவீதம் போலத்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் வேலைக்கு வருகிறது. மரையில் துருவும் மண்ணும் இருந்தால் அந்த 10-லும் கைவைக்கும். டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், உள்ளே பிடிமானம் இருக்காது. பிடிக்கவில்லையே என்று இன்னும் நெரிப்போம். அங்கேதான் கீறல் விழுகிறது.

பிறகு சூடும் துருவும். முழு லோடில் ஏற்றம் ஏறும்போது டீசல் எஞ்சின் புகையின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வண்டி நின்றால் ஆறும். இப்படித் தினமும் நீண்டு சுருங்குகிறது அந்த ஸ்டட். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள். மரைக்கு இடையில் துரு வளர வளர, ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும்.

மரை பொருந்தாமையும் ஒரு காரணம். இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் மரைக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். அவருடைய மரைக் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரை 60 டிகிரி. இங்கிலாந்து வழி வந்த பழைய எஞ்சின்களில் அங்குல மரை உண்டு. அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு என்றால் 7.94 மில்லிமீட்டர். கண்ணுக்கு 8 மில்லிமீட்டர் போல்ட் மாதிரியேதான் இருக்கும். இரண்டு சுற்று கையால் போகும், பிறகு ஸ்பேனர் கேட்கும். "டைட்டா இருக்குது" என்று ஏற்றிவிடுவோம். அதைக் கழற்றப் போகிறவன் பாவம்.

பட்டறை சொல்லிக் கொடுத்தது

"அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்று சொல்வார்கள். பிடித்துக்கொண்ட போல்ட்டுக்கு அந்தப் பழமொழி அப்படியே பொருந்தும். ஒரே பெரிய அடி அல்ல, பல சின்ன அடி. நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்யுங்கள். துருவின் மேல் நட்டை ஓட்டினால் அதுவே பிடித்துக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு, போல்ட் தலையில் சுத்தியால் நேராகச் சில தட்டு. அதிர்ச்சியில் துரு விரியும், எண்ணெய் உள்ளே போகும். பிறகு காத்திருங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி. எண்ணெயின் வேலை பாதி, நேரத்தின் வேலை பாதி.

12 மூலை ரிங்கைவிட 6 மூலை சாக்கெட் நல்லது. தலையின் முனை மழுங்காது. முதலில் பூட்டும் பக்கம் லேசாக அசைத்துத் துருவின் பிடியை உடைத்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். கிரீச் என்றால் நிறுத்தி, திரும்பி, எண்ணெய் விட்டு, மறுபடி.

வரவில்லையா? சூடு. போல்ட்டை அல்ல, நட்டைச் சூடுபடுத்த வேண்டும். 10 மில்லிமீட்டர் ஓட்டையை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் 0.036 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்லை. ஆனால் துருவின் பிடி விட அது போதும். எண்ணெய் விட்ட இடத்தில், டீசல் பைப் பக்கத்தில் நெருப்பு வைக்காதீர்கள். துடைத்து, மூடி, மணல் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முறிந்தே போய்விட்டதா? வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடு ஒன்று நெரித்து, உள் நட்டில் ஸ்பேனர் போடலாம். முகமட்டம் என்றால் வாசர், நட்டு, வெல்டிங். உள்ளே போய்விட்டால் நட்ட நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து டிரில். அந்தப் புள்ளி வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 10 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் மரைக்கு டிரில் 8.5. புள்ளி ஓரம் போனால் ஹெட்டின் மரையைத் தின்றுவிடும். இடது சுற்று டிரில் கிடைத்தால் அதுவே சில நேரம் துண்டைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடும். எக்ஸ்ட்ராக்டரை நம்பிப் பைப் போடாதீர்கள். அது கடினப்படுத்திய எஃகு, வளையாது, முறியும். உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கும். ஒரு தொல்லைக்கு மேல் இன்னொரு தொல்லை. மரை போய்விட்டாலும் ஹெட்டைத் தூக்கி எறிய வேண்டாம், பெரிதாக மரை வெட்டி ஹெலிகாயில் போடலாம்.

கண்ணாடி போடாமல் டிரில் பிடிக்காதீர்கள். கண்ணுக்கு ஹெலிகாயில் கிடையாது.

இது நம் வேலை இல்லையா?

இதையெல்லாம் விடுதியில் சொன்னபோது ஒரு நண்பன், "நாம சூப்பர்வைசர் ஆகப் போறோம்டா. போல்ட் கழட்டறது மெக்கானிக் வேலை" என்றான். இந்த எண்ணம் நம்மில் பலரிடம் இருக்கிறது. நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

வேலை தெரியாத சூப்பர்வைசர், "இன்னுமா ஆகல? சீக்கிரம், சீக்கிரம்" என்றுதான் சொல்வான். அந்தச் "சீக்கிரம்" என்ற வார்த்தைதான் பைப்பை எடுக்க வைக்கிறது. 5 மணி நேரம் ஆகும் என்று தெரிந்தவன்தான் வண்டிக்காரரிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்வான், "இன்னிக்கு முடியாதுங்க" என்று.

இன்னொருவன், "இப்ப வர்ற வண்டியெல்லாம் கம்ப்யூட்டர்" என்றான். உண்மைதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு லாரியின் புகைக் குழாயிலேயே சென்சார்கள் மரையோடு உட்கார்ந்திருக்கின்றன. எந்தச் சென்சார் போய்விட்டது என்று கம்ப்யூட்டர் சொல்லும். அது வந்து கழற்றித் தருமா? சூட்டிலும் துருவிலும் பிடித்துக்கொண்ட அந்தச் சென்சாரை ஒரு மனிதன்தான் கழற்ற வேண்டும். அந்த வண்டியில் யோசிக்காமல் வெல்டிங் வைத்தால் போவது டயோடு மட்டுமல்ல, எஞ்சினின் மூளையே போகும். ஆக வேலை குறையவில்லை, கவனம்தான் கூடியிருக்கிறது.

அதே நேரம், பட்டறையே எல்லாம், படிப்பு ஒன்றும் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் மேஸ்திரிக்குக் கையளவு தெரியும், எண்ணளவு தெரியாது. புதுவகை எஞ்சின்கள் சிலவற்றில் ஹெட் போல்ட்டை ஓர் அளவுக்குப் பூட்டி, பிறகு இத்தனை டிகிரி என்று திருப்ப வேண்டும். அப்படி இழுபட்ட போல்ட் சிலவற்றை மறுபடி மாட்டவே கூடாது என்று சர்வீஸ் புத்தகம் சொல்கிறது. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பட்டறையில் இருந்த டார்க் ரெஞ்ச்சில் அடி-பவுண்டு அளவு. புத்தகத்தில் நியூட்டன் மீட்டர். 50 நியூட்டன் மீட்டர் என்பதை 50 அடி-பவுண்டு என்று பூட்டினால் 68 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். பல வருடம் அப்படித்தான் நடந்திருக்கிறது!

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அங்கே அதிகம் வரும் எஞ்சின்களின் அளவுகளை அந்தந்தப் புத்தகத்திலிருந்து எடுத்து, அடி-பவுண்டுக்கு மாற்றி, தமிழில் பட்டறைத் தகரத்தில் பெயின்டால் எழுதினேன். மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இது யாரும் எனக்குச் சொல்லவே இல்லியே கண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்கள் வீட்டில் ஒருவன் படிக்க வந்ததற்கு என்ன பயன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

நான் கேட்பது

பேரவை மலரில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. எனக்கு மூன்று கோரிக்கைகள் உண்டு.

ஒன்று. நம் பட்டறைக் கூடத்தில் ரம்பம், அரம், லேத் எல்லாம் பழகுகிறோம். வேண்டுமென்றே போல்ட்டை முறித்து, அதை எடுக்கப் பழக ஒரு வகுப்பு வையுங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு சிலிண்டர் ஹெட் போதும். அடுத்தவர் வண்டியில் முறித்துப் பழகுவதைவிட அது மலிவு.

இரண்டு. அந்த வகுப்புக்கு ஒரு நாளாவது ஒரு பட்டறை மேஸ்திரியை அழைத்து, நம் ஆசிரியர்களுக்குப் போடும் அதே நாற்காலியைப் போட்டு உட்கார வையுங்கள்.

மூன்று, இது நமக்கு. முறித்தால் சொல்லுங்கள். பாக்கெட்டில் போடாதீர்கள். நான் ஒட்டிவிட நினைத்த அந்த நட்டு ஒட்டப்பட்டு, வண்டி கிளம்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த இடத்தில் கேஸ்கட் மறுபடி போய், மலைப்பாதையில் கேபினுக்குள் புகை வந்து, வண்டி ரோட்டோரம் நின்றிருக்கும். அந்த வண்டியை ஓட்டுபவர் என் அப்பாவாகவும் இருந்திருக்கலாம். எங்கோ ஒரு பையன் பாக்கெட்டில் போட்ட நட்டால் அப்பா எத்தனை நாள் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தாரோ, எனக்கென்ன தெரியும்?

இனி நாம் பூட்டப் போகும் ஒவ்வொரு போல்ட்டையும் ஒருநாள் யாரோ ஒருவன் கழற்றுவான். அவன் முகம் நமக்குத் தெரியாது. அவனும் நம்மை மாதிரி ஒரு விடுமுறைக்கு வந்த பையனாக இருக்கலாம். மரையைத் துடையுங்கள். மரை வெட்டாத முனை வரை கையாலேயே ஓட்டிப் பாருங்கள். கண் மூடிய ஓட்டையில் எண்ணெய் தேங்கி நிற்கவில்லையே என்று பாருங்கள், தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது வார்ப்பே விரிசல் விடும். சூடு படும் இடத்தில் காப்பர் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். வழுக்கும் மரைக்கு அளவு குறையும் என்பதை மறக்காமல், புத்தகம் சொன்ன அளவுக்குப் பூட்டுங்கள். பைப்பை மூலையிலேயே விட்டுவிடுங்கள்.

அந்த முறிந்த துண்டை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தேன். என் டிராயிங் பெட்டிக்குள் பென்சிலோடு கிடக்கிறது. பாதி பளபளப்பு, பாதி துரு. பளபளப்பு என் பங்கு. அதையும் துருப்பிடிக்க விடக்கூடாது என்று மாதம் ஒருமுறை எண்ணெய் தடவி வைக்கிறேன்.

தப்பாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தப்பு இருந்தால் நேரில் சொல்லுங்கள், ஒளித்து வைக்காதீர்கள்!

அன்புடன்,
இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்